கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். சரி, தூங்குகிறவர்களுக்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "யு.பி.எஸ். கட்டாயம் வேண்டுமா? எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது? பேக்கப் எதில் எடுப்பது?" எல்லாமே நல்ல கேள்விகள்தான். ஆனால் இவை எல்லாம் கம்ப்யூட்டரையும் அதில் உள்ள ஃபைல்களையும் காப்பாற்றுவதற்கானவை. அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றி ஓடும் வயர்களுக்கும், சார்ஜர்களுக்கும், பேட்டரிகளுக்கும் பக்கத்தில் தூங்குகிறவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, எங்கள் வீட்டில் அந்த ஓர் இரவு வரும் வரை.

எங்கள் வீடு கோட்டைப்பட்டினத்தில் இருக்கிறது. கடற்கரை ஊர். கோடையில் ஒரு நாள் மாலை போன கரண்ட் இரவு பத்து மணிக்குத்தான் வந்தது. வந்ததும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகத் தொடங்கியது. ஏர் கூலரைப் போட்டோம். மொபைல்களைச் சார்ஜரில் மாட்டினோம். படுத்துவிட்டோம். இவை எல்லாம் கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பின்னால் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இணைந்திருந்தன.

விடியற்காலையில் வியர்த்துப் போய் எழுந்தபோது ஏர் கூலர் நின்றிருந்தது. எம்.சி.பி. விழுந்திருந்தது. டேபிளை நகர்த்திப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி வழிந்து, சுவரில் ஒரு முழ உயரத்திற்குக் கரி படிந்திருந்தது. பக்கத்தில் மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியின் ஓரம் கருகியிருந்தது. அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு பேர் தூங்கினோம். ஒருவருக்கும் வாசனை தெரியவில்லை! என்னை எழுப்பியது புகை அல்ல, புழுக்கம்.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான். யு.பி.எஸ். வாங்கும்போதே வீட்டிற்கு ஒரு ஸ்மோக் அலாரமும் வாங்க வேண்டும். ஒரு நல்ல கீபோர்டும் மவுஸும் வாங்கும் செலவுதான் ஆகும். ஆனால் வாங்கி மாட்டியதோடு மறந்துவிட்டால், அப்டேட் செய்யாத ஆன்ட்டி வைரஸ் போல, இருந்தும் இல்லாத கதைதான்.

மூக்கு தூங்கிவிடும்

"ஏதாவது கருகினால் வாசனையில் விழித்துக்கொள்ள மாட்டோமா?" என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டோம். 2004-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தூங்குகிறவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெப்பர்மின்ட் வாசனையும், பிரிடின் என்ற துர்நாற்றம் வீசும் வேதிப்பொருளும் பயன்படுத்தப்பட்டன. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தவர்களை இரண்டுமே எழுப்பவில்லை. ஆனால் ஒலி எழுப்பியது. அதாவது, நாம் தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது. காது மட்டும் ஓரளவு காவல் இருக்கிறது. மூக்கு செய்ய வேண்டிய வேலையைச் செய்து, காதுக்குச் சொல்லும் கருவிதான் ஸ்மோக் அலாரம்.

தீ விபத்து என்றாலே நமக்கு நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உறங்கும் வீட்டில் முதலில் வருவது புகைதான். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமல் மேலும் மயக்கத்திற்குள் தள்ளும். வயரின் பி.வி.சி. உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மெத்தையிலும் சோபாவிலும் உள்ள ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். நெருப்பு படுக்கை வரை வர வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2022 மார்ச் மாத இறுதியில் வேலூரில் ஒரு வீட்டில் புதிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தார்கள். அது தீப்பிடித்தது. வீட்டில் இருந்த தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 4 அதிகாலையில் சென்னைக்கு அருகே ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஃபிரிட்ஜ் வெடித்துப் புகை சூழ்ந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் மூச்சுத்திணறி உயிரிழந்தார்கள். இரண்டும் எல்லோரும் தூங்கும் நேரம். இரண்டிலும் உயிரைக் குடித்தது புகை. அலாரம் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தூங்குகிறவர்களுக்கு இரண்டு, மூன்று நிமிடம் முன்னதாகத் தெரிவதற்கு வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எம்.சி.பி. இருந்தால் போதாதா?

இதுதான் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி. நானும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எம்.சி.பி. என்ன செய்யும்? அளவுக்கு மேல் கரண்ட் போனாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ இணைப்பைத் துண்டிக்கும். ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்ன செய்யும்? கரண்ட் பூமிக்குக் கசிந்தால் துண்டிக்கும். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நடந்தது இந்த இரண்டுமே இல்லை. லூஸ் கான்டாக்ட்!

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பித்தளை முனைகளில் பச்சை பூக்க வைத்துவிடும். சாக்கெட்டின் பிடி தளரும். அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்ஸ் வழியாக 3 ஆம்பியர் போகிறது, லூஸான இடத்தில் 3 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால், 3 x 3 x 3 = 27 வாட் வெப்பம். ரேடியோ மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்களே, ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன், அது சாதாரணமாக 25 வாட்தான். அப்படி ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, இரவு முழுவதும் சுவிட்சைப் போட்டு வைத்தால் எப்படி இருக்கும்?

இவ்வளவுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில் ஓடுவது வெறும் 3 ஆம்பியர். அதற்கு எந்தக் குறையும் தெரியாது. வோல்டேஜ் 9 வோல்ட் குறையும், கம்ப்யூட்டருக்கும் அது தெரியாது. எங்கள் வீட்டில் எம்.சி.பி. விழுந்தது கடைசியில்தான். உறை உருகி இரண்டு கம்பிகளும் ஒட்டிய பிறகு. அதுவரை அந்த வீட்டில் நடந்ததை வெளியே சொல்லக்கூடிய ஒரே அடையாளம் புகை. அதைப் பார்க்க ஆள் இல்லை.

எனவே முதல் வேலை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாரம் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தாலோ, பிளக் ஆடினாலோ, பழுப்பு நிறம் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றை மாட்டாதீர்கள். இரண்டாவது வேலைதான் அலாரம்.

எதை வாங்குவது?

இதில் நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் "ஸ்மோக் டிடெக்டர்" என்று தேடி, விலை குறைவாக இருந்த ஒன்றை வாங்கினேன். பார்சலைப் பிரித்துப் பார்த்தால் பேட்டரி போட இடமே இல்லை. இரண்டு ஸ்குரூ முனைகள் மட்டும் இருந்தன. அது ஆஸ்பத்திரி, ஹோட்டல் போன்ற பெரிய கட்டடங்களில் கன்ட்ரோல் பேனலுடன் 24 வோல்ட்டில் இணைக்கும் டிடெக்டர். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. புகையைக் கண்டால் பேனலுக்குச் சொல்லும், பேனல்தான் சத்தம் போடும். கம்ப்யூட்டர் இல்லாமல் மவுஸ் மட்டும் வாங்கி வந்த கதை!

நமக்கு வேண்டியது "ஸ்டாண்ட்அலோன் ஸ்மோக் அலாரம்". புகையைக் கண்டறியும் பகுதி, சைரன், பேட்டரி மூன்றும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையா? இதன் உள்ளே வெளிச்சம் புகாத ஒரு சிறு அறை இருக்கும். அதில் ஒரு எல்.இ.டி.யும், அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஒரு சென்சாரும் இருக்கும். புகை உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி சென்சார் மேல் படும். உடனே சைரன் அடிக்கும். மற்றொரு வகை ஐயனைசேஷன். இதில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை ஐயனைசேஷன் சற்று முந்திக் கண்டுபிடிக்கும். புகைந்து கருகும் தீயை ஃபோட்டோஎலக்ட்ரிக் முந்திக் கண்டுபிடிக்கும். வயர், மெத்தை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று நம் வீட்டுத் தீ பெரும்பாலும் புகைந்துதான் தொடங்கும். ஐயனைசேஷன் வகை சமையல் புகைக்கும் அடிக்கடி கத்தும். நம் நாட்டில் அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டிற்குள்ளும் வருகிறது. எனவே என் ஓட்டு ஃபோட்டோஎலக்ட்ரிக்கிற்கே.

2. தர முத்திரை இருக்கிறதா? பெட்டியிலும் அலாரத்தின் பின்புறத்திலும் ஈ.என். 14604 (ஐரோப்பா) அல்லது யு.எல். 217 (அமெரிக்கா) என்று அச்சிட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு, சான்றிதழ் இல்லாத ஆன்ட்டி வைரஸ் மாதிரி. ஓடுவது போலத் தெரியும், பிடிக்குமா என்பது சந்தேகம்.

3. பேட்டரி எப்படி? கரண்டில் மட்டும் ஓடும் வகை வேண்டவே வேண்டாம். தீப்பிடித்த வீட்டில் முதலில் போவதே கரண்ட்தான். 9 வோல்ட் பேட்டரி மாற்றும் வகை உண்டு, பத்து ஆண்டுகள் வரும் லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய வகையும் உண்டு. பின்னது விலை கூடுதல். ஆனாலும் அதையே வாங்குங்கள் என்பேன். டார்ச்சுக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் பேட்டரி தீர்ந்தால் நம் வீடுகளில் கை எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும்!

4. தயாரித்த தேதி என்ன? அலாரத்தின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் பத்து ஆண்டுகள். கடையில் நான்கு ஆண்டுகள் கிடந்ததை வாங்கினால் மீதி ஆறுதான்.

மொபைலுக்குத் தகவல் அனுப்பும் வைஃபை அலாரங்களும் வருகின்றன. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் இதற்கு ஆசைப்பட்டு அதிகம் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்கும், ரவுட்டர் நின்றால் தகவல் வராது. இரவில் மொபைல் சைலன்டில் கிடக்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது வெளியூரில் இருப்பவருக்குத் தெரிய அது உதவும், அவ்வளவுதான். தூங்குகிறவரை எழுப்புவது சைரன். அது மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள், ஆப்பைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் வீட்டிற்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ, வளைகுடாவிலோ இருப்பார். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்கு இந்த அலாரம் கட்டாயமாக்கப்பட்டது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் கூரையில் அதைத் தினமும் பார்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது தைலமும் சாக்லேட்டும் வாங்கி வருகிறார்கள், இதை வாங்கி வருவதில்லை. இங்கே தனி வீடுகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாததால், இது அந்த ஊர்ச் சாமான் என்று நினைத்துவிடுகிறோம். புகைக்கு ஊர் வித்தியாசம் தெரியாது.

எங்கே மாட்டுவது?

இரண்டாவது முறை சரியான அலாரம் வாங்கி, சமையலறை வாசலுக்கு மேலே மாட்டினேன். நெருப்பு இருக்கும் இடம் சமையலறைதானே என்பது என் கணக்கு. மறுநாள் அம்மா மீன் பொரித்தார்கள். அலாரம் அலறியது. அதற்கு அடுத்த நாள் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். மறுபடியும் அலறல். மூன்றாம் நாள் நான் பார்த்தபோது பேட்டரி கழற்றப்பட்டு ஜன்னல் மேல் இருந்தது. "அது கத்துற கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வர்றாங்கப்பா" என்றார்கள். தப்பு அம்மா மேல் இல்லை. மாட்டிய இடம் தப்பு.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் கணக்குகளைப் பாருங்கள். வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது அலாரம் வேலை செய்யாத வீடுகளில் இறக்கிறார்கள். அலாரம் வேலை செய்யாததற்கு முதல் காரணம் பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பதும், பேட்டரி தீர்ந்து போயிருப்பதும்தான்.

சரியான இடங்கள் இவை.

* அடுப்பிலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி இருக்க வேண்டும்.

* படுக்கையறைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஹாலில் ஒன்று. மாடி வீடாக இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தூங்கும் இடத்திற்கும் கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் இருக்கும் இடத்திற்கும் நடுவே மாட்டுங்கள். ஏ.சி. போட்டுக் கதவை மூடித் தூங்குகிறீர்களா? முதல் அலாரம் அந்த அறைக்குள்தான் இருக்க வேண்டும்.

* புகை மேலே ஏறும். எனவே கூரையில் மாட்டுங்கள். சுவரில் மாட்டினால் கூரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும்.

* சீலிங் ஃபேனின் இறக்கை முனையிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி மாட்டுங்கள். ஃபேன் காற்று புகையை அலாரத்திடம் வரவிடாமல் விரட்டிவிடும். ஜன்னல், ஏ.சி. காற்று நேராகப் படும் இடங்களுக்கும் இதே விதிதான்.

* ஓட்டு வீட்டில் உச்சி முகட்டின் மூலையில் காற்று நகராது. முகட்டிலிருந்து நான்கு அங்குலமாவது கீழே, மூன்று அடிக்குள் மாட்டுங்கள்.

காஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேறு, இது வேறு. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதற்கான அலாரத்தைத் தரைக்கு அருகில் மாட்ட வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

சாம்பிராணி போடும்போதும், தாளிப்புப் புகை பரவும்போதும் அலாரம் அடித்தால் பேட்டரியில் கை வைக்காதீர்கள். "ஹஷ்" பட்டன் உள்ள அலாரத்தை வாங்குங்கள். அதை அழுத்தினால் சில நிமிடங்கள் அமைதியாக இருந்துவிட்டுத் தானாகக் காவலுக்குத் திரும்பும். எங்கள் வீட்டு அலாரம் இப்போது ஹாலுக்கு மாறிவிட்டது. அதன் பிறகு மீன் பொரித்தாலும் சண்டை இல்லை.

பராமரிப்பு: மாதம் பத்து நிமிடம்

கம்ப்யூட்டருக்குப் பேக்கப் எடுக்கிறோம். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்காதவருக்கு அது பேக்கப்பே அல்ல என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அலாரமும் அப்படியே.

மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கை எட்டாவிட்டால் துடைப்பக் குச்சி போதும். சைரன் முழுச் சத்தத்தில் அடிக்க வேண்டும். நாள் மறந்து போகிறதா? பிரிபெய்டு மொபைலுக்கு 28 நாளுக்கு ஒரு முறை ரீசார்ஜ் செய்கிறோம் அல்லவா, அந்த நாளிலேயே இதையும் செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் பழக்கிக்கொண்டேன்.

அரை நிமிடத்திற்கோ, ஒரு நிமிடத்திற்கோ ஒரு முறை "கிக்" என்று குருவி மாதிரி சத்தம் வந்தால் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். அன்றே மாற்றுங்கள். அல்கலைன் அல்லது லித்தியம் 9 வோல்ட் பேட்டரிதான் போட வேண்டும். ரீசார்ஜபிள் வேண்டாம். மூடிய லித்தியம் வகை இப்படிக் கத்தினால் அலாரத்தையே மாற்ற வேண்டியதுதான்.

மாதம் ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் புகை நுழையும் துளைகளைத் தட்டிவிடுங்கள். தூசியும், சிலந்தி வலையும், சிறு பூச்சிகளும் உள்ளே போனால் ஒளி சிதறும். அலாரம் காரணமில்லாமல் அடிக்கும், இல்லையென்றால் புகை உள்ளே போக வழியே இருக்காது. எங்களைப் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் பேட்டரி முனைகளில் உப்பும் பச்சையும் பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரத் துணியோ, ஸ்பிரேயோ வேண்டாம். வெள்ளையடிக்கும்போது கழற்றி வையுங்கள், வேலை முடிந்த அன்றே திரும்ப மாட்டுங்கள். அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. சோதிக்கிறேன் என்று காகிதத்தைக் கொளுத்திக் கிட்டே பிடிப்பதும் வேண்டாம்.

மாட்டும் அன்றே அதன் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் காலாவதி ஆண்டை எழுதிவிடுங்கள். 2026-ல் தயாரானது என்றால் 2036. அந்த ஆண்டு வந்ததும், டெஸ்ட் பட்டன் நன்றாக அடித்தாலும், மாற்றிவிட வேண்டும். பட்டன் சோதிப்பது பேட்டரியையும் சைரனையும்தான். உள்ளே இருக்கும் சென்சாரின் மூப்பை அது முழுவதும் காட்டாது.

அடித்தால் என்ன செய்வது?

இதை வீட்டில் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கிரில், வாசலுக்குக் கிரில் கேட், அதற்குப் பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப் பையிலோ, பீரோவிலோ இருக்கும். புகையில் கண் தெரியாது, சாவியைத் தேட முடியாது. இரவில் சாவிக்கு ஓர் இடம் குறித்து, கேட்டிற்குக் கை எட்டும் தூரத்தில் ஆணியில் மாட்டுங்கள். வெளியில் இருந்து கை எட்டக் கூடாது, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் அந்த இடம் தெரிய வேண்டும்.

குழந்தைகள் பலர் அலாரம் அடித்தாலும் எழுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குச் சாதாரண அலாரத்தின் கீச்சுக் குரல் கேட்காமல் போகலாம். அவர்களுக்கு 520 ஹெர்ட்ஸ் கனத்த ஒலி எழுப்பும் அலாரங்கள் உண்டு. அது கிடைக்காவிட்டால், அவர்கள் அறையில் இன்னொருவர் படுத்துக்கொள்வதே நல்லது.

அடித்ததும் குனிந்து வெளியே வாருங்கள், புகை மேலேதான் அடர்த்தியாக இருக்கும். மெயின் சுவிட்ச் வழியில் இருந்தால் அணையுங்கள், அதற்காக உள்ளே திரும்பாதீர்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வந்த பிறகு 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். ஹார்டு டிஸ்க், லேப்டாப், நகை என்று எதற்கும் உள்ளே போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல

மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். கீற்றுக் கொட்டகையும், குறுகிய வழியும், சங்கிலியும் இருக்கும் இடத்தில் அலாரம் அடித்து என்ன பயன்? தீயே பிடிக்காத கூரையும், திறந்த வழியும்தான் முதலில் வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரி போன்ற பெரிய லித்தியம் பேட்டரிகள் பற்றிக்கொண்டால் நேரம் மிகக் குறைவாகவே கிடைக்கும். அவற்றை வாசல் வழியில் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. மொபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் சாதாரண ஒரு கான்கிரீட் வீட்டில், நள்ளிரவில், டேபிளுக்குப் பின்னால் மெல்லப் புகையும் ஒரு பெட்டிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஹார்டு டிஸ்க் போனால் பேக்கப்பில் இருந்து எடுத்துவிடலாம். கம்ப்யூட்டரே போனாலும் இன்னொன்று வாங்கலாம். பேக்கப் இல்லாதது ஒன்றுதான், அது பக்கத்து அறையில் தூங்குகிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பின்னால் குனிந்து, அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அடுத்த முறை கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகும்போது லிஸ்ட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.